வழியனுப்பு மரியாதை

கம்பளத்தம்மா என்று சொன்னால் வெளியுறவு அமைச்சகத்தில் வாசல் காவலரிலிருந்து மந்திரி வரைக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வெளிநாட்டுப் பெரிய மனுஷன் எவன் வந்தாலும் அவன் காலுக்கடியில் சிவப்புக் கம்பளம் விரிப்பது, காரில் கொடி கட்டுவது, பேண்டு வாத்தியக்காரர்களை நிறுத்தி வைப்பது, கடைசியில் சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. "கம்பளத்தம்மா மனசு வெச்சா கழுதைக்கும் பீரங்கி முழங்கும்" என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். "கழுதைக்குத்தான்யா அடிக்கடி முழங்குது" என்று அவளும் விட்டுக்கொடுக்காமல் சொல்லுவாள்.

சிரிப்பெல்லாம் வெளியே. உள்ளே ஒரு நெருப்பு இருந்தது. ஆறப்போட்டால் ஆறிவிடும் என்பார்கள் ஊரில். எது ஆறும்? கஞ்சி ஆறும். கூடப் பிறந்தவனை அடித்துக் கொன்றது ஆறுமா?

தம்பி பக்கத்துக் கண்டத்தில் ஒரு நாட்டுக்கு வேலைக்குப் போனவன். சுரங்கத்தில் பாதுகாப்பு இஞ்சினியர். ஒருநாள் சுரங்கம் இடிந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஆட்களை எடுக்காமலேயே வாசலைச் சிமெண்டு போட்டு அடைத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டதைத் தம்பி வெளியே சொன்னான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். விடுதி அறையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு மாரடைப்பு என்று ஒரு வரித் தகவல் வந்தது. உடம்பு வரவில்லை. அதே கொட்டடியில் கிடந்து உயிரோடு தப்பி வந்த ஒருவன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. சிறைத் தலைவரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்று அடித்தாராம்.

நம் அரசாங்கம் அப்போது "ஆழ்ந்த கவலை" தெரிவித்தது. கம்பளத்தம்மா அன்றைக்கு அதே அமைச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த சின்ன அதிகாரி. அந்த அறிக்கை அவள் மேஜையைத் தாண்டித்தான் போனது. கவலையாம், அதுவும் ஆழமாம்! எவ்வளவு ஆழம் என்று இறங்கிப் பார்த்த புண்ணியவான் ஒருத்தனும் இல்லை. அப்புறம் மந்திரிகள் மாறினார்கள், பழைய ஆட்கள் ஓய்வு பெற்றார்கள். இறந்துபோன இஞ்சினியருக்கு ஒரு அக்கா இதே கட்டடத்தில் இருக்கிறாள் என்பதே எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. அவள் ஞாபகப்படுத்தவும் இல்லை.

வீட்டில் அம்மா நீதி, தண்டனை என்றெல்லாம் பேச மாட்டாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எடம் தெரிஞ்சுதா?" தம்பியை எங்கே புதைத்தார்கள் என்பதுதான் அந்த இடம். அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நீளத்துக்கு நிலம் வாங்கிப் போட்டிருந்தாள் அம்மா. மாசம் ஒரு தடவை போய் அதில் முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள். "எம் புள்ள வந்து படுக்கற வரைக்கும் அது சுத்தமா இருக்கட்டும்" என்பாள்.  

அப்படி இருக்கும்போதுதான் மந்திரி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சந்தோஷமாகச் சொன்னார். அந்த நாட்டு முதலீட்டுக் கழகத்தின் தலைவர் வருகிறார், துறைமுக ஊரில் மின்கலத் தொழிற்சாலை கட்ட ஒப்பந்தம் போடப்போகிறார் என்று. தலைவர் யார் என்று படம் காட்டினார்கள். தலை நரைத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய சிறைத் தலைவர்! ஆட்களை அடித்தவர் இப்போது ஆலை கட்டுகிறாராம். கம்பளத்தம்மாவின் கையில் இருந்த பேனா மூடி கழன்று மேஜைக்கடியில் ஓடியது. குனிந்து எடுக்கிற சாக்கில் முகத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

மந்திரியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் பிறந்ததே அந்தத் துறைமுக ஊரில்தான். கப்பல் கட்டும் தளம் மூடியதிலிருந்து அங்கே ஜனங்கள் கதவு ஜன்னலைக் கழற்றி விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "கொள்கைய நான் கைவிட்டுட்டேன்னு பேப்பர்ல எழுதறாங்க. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா என்னய்யா பண்றது? கூட்டறிக்கையில ஒரு வரி போட்டிருக்கேன் பாருங்க. மனித மாண்பு குறித்தும் ரெண்டு தரப்பும் பேசினோம்னு. அந்த ஒத்த வரிக்கே எனக்கு நாக்குத் தள்ளிப்போச்சு" என்றார்.

"அவர் மேல இங்க ஒரு கைது உத்தரவு இருக்கே சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

இருந்தது. சித்திரவதை எந்த நாட்டில் நடந்தாலும் இங்கே வழக்குப் போடலாம் என்று நம் சட்டத்தில் உண்டு. அப்படிப் போட்ட வழக்கு. சட்ட ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கவலையே வேண்டாம். வரவேற்பு மரியாதையிலிருந்து வழியனுப்பு மரியாதை வரைக்கும் அவர் அரசு விருந்தினர். எந்தப் போலீஸும் அவர் மேல விரல் வெக்க முடியாது" என்றார்.

வழியனுப்பு மரியாதைக்கு அப்புறம்? அதை ஒருத்தரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? வழியனுப்பின அடுத்த நிமிஷம் விருந்தாளி விமானப் படியில் கால் வைத்திருப்பார். காலங்காலமாக அப்படித்தான். ஓடுபாதையில் கம்பளம், பேண்டு, கை குலுக்கல், டாட்டா. வழியனுப்புக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கம்பளத்தம்மாவுக்குத் தோன்றியது. கொக்கு மாதிரி இத்தனை வருஷம் ஒற்றைக் காலில் நின்றவளுக்குத் தோன்றாமல் இருக்குமா?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நேரே வக்கீலைப் பார்க்கப் போனாள். வக்கீல் என்றால் தம்பி கட்டிக்க இருந்த பெண். அந்தக் கைது உத்தரவை வாங்கினவளும் அவள்தான். கல்யாணம் நடக்கவில்லை. ஆனாலும் இவளை "அண்ணி" என்பதையும் அம்மாவை "அத்தை" என்பதையும் அவள் விட்டதில்லை.

"வழியனுப்பு முடிஞ்சப்புறம் அவன் யாரு?" என்று கேட்டாள் கம்பளத்தம்மா.

"சாதாப் பிரயாணி. உங்கள மாதிரி, என்ன மாதிரி."

"அந்தப் பிரயாணி கொஞ்ச நேரம் ஊருக்குள்ள தங்கினா போதுமா?"

"தாராளமாப் போதும். ஆனா எதுக்கு அண்ணி தங்கப் போறான்?"

"பல்லு" என்றாள் கம்பளத்தம்மா. விருந்தாளியின் ஆபீசிலிருந்து ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். இங்கே இருக்கிற பிரபலமான பல் மருத்துவரிடம் புதுப் பல் கட்டிக்கொள்ள வேண்டுமாம். கடைசி நாள் மத்தியானம் பல், சாயங்காலம் விமானம். "நான் வழியனுப்பு மரியாதையப் பல்லுக்கு முன்னாடி தள்ளி வெக்கறேன். நீ இன்ஸ்பெக்டரக் கூட்டிட்டு கிளினிக் வாசல்ல நில்லு."

"வேலை போயிடும் அண்ணி."

"போகட்டும்டி. மயிரே போச்சு."

விருந்தாளி வந்து இறங்கினார். கம்பளத்தம்மா கம்பளம் விரித்தாள். ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்தாள். அவர் நல்ல நயமான கிழவர். கதவைத் திறந்துவிட்டவருக்கு நன்றி சொல்வார். லிஃப்டில் பெண்களை முன்னால் போகச் சொல்லுவார். அவளிடமும் கையை நீட்டினார். மெத்தென்று இருந்தது அந்தக் கை. கொடுத்துவிட்டு வந்து கழுவும் தொட்டியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள், தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்தாள். நாசமாப் போறவனே, இந்தக் கையால்தானே என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்துத் தொட்டியில் நின்ற டைப்பிஸ்ட் பெண் யாரை வைகிறாள் என்று பயந்து வெளியே போய்விட்டாள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி, விருந்து முடிந்து, காபி குடிக்கிற நேரம் பார்த்து விருந்தாளி பக்கத்தில் போய் நின்றாள். குரலில் தேன் சொட்டியது.

"ஐயா, ஒரு சின்ன யோசனை. வழியனுப்பு மரியாதை வழக்கமா விமான நிலையத்துலதான் செய்வோம். ஆனா நீங்க பல் டாக்டர்கிட்டேருந்து நேரா வருவீங்க. வாய் மரத்துப் போயிருக்கும், கன்னம் வீங்கியிருக்கும். டி.வி.க்காரங்க எல்லாம் கிட்ட வந்து எடுப்பாங்க..."

விருந்தாளியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. வீங்கின மூஞ்சி உலகம் பூராவும் தெரியுமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "அடடா" என்றார்.

"நீங்க சம்மதிச்சா மத்தியானமே விருந்தினர் மாளிகைப் புல்வெளியில செஞ்சுடலாம். பேண்டு எல்லாம் இருக்கும், ஒரு குறையும் வராது. அப்புறம் நீங்க ஆற அமரப் பல்லக் கட்டிக்கிட்டு, சத்தமில்லாம விமானம் ஏறிடலாம்."

"ரொம்ப நுணுக்கமா யோசிக்கறீங்கம்மா. உங்கள மாதிரி ஒருத்தர் எங்க ஊர்ல இல்ல" என்றார் விருந்தாளி. இருந்திருந்தால் நீ அடித்தே கொன்றிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டாள் அவள். மந்திரியிடம் போய்ச் சொன்னபோது அவர் காதில் பாதிதான் வாங்கினார். மறுநாள் பிற்பகலில் அவருக்குத் துறைமுக ஊரில் கூட்டம். சீக்கிரம் விட்டால் போதும் என்றிருந்தது. "செய்யி செய்யி, நல்லதுதான்" என்று தலையாட்டிவிட்டார்.

மறுநாள் புல்வெளியில் எல்லாம் ஜாம்ஜாம் என்று நடந்தது. பேண்டு இரண்டு நாட்டுப் பாட்டையும் வாசித்தது. மந்திரி விருந்தாளியைக் கட்டிப் பிடித்தார். "போய் வாருங்கள் நண்பரே" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். ஊரே டி.வி.யில் பார்த்தது. விருந்தாளி காரில் ஏறினதும் கம்பளத்தம்மா ஓட்டுநரிடம், "கொடியக் கழட்டுங்க" என்றாள்.

"இன்னும் ஏர்போர்ட் போகணுமேம்மா?"

"வழியனுப்பியாச்சு. கழட்டிச் சுருட்டி உறையில போடுங்க."

விருந்தாளியின் உதவியாளன் எட்டிப் பார்த்தான். முன்னால் போகிற போலீஸ் வண்டி எங்கே என்று கேட்டான். "சைரன் போட்டுக்கிட்டுப் பல் டாக்டர் வீட்டுக்குப் போனா நாளைக்கு ஊரெல்லாம் அய்யாவோட பல்லு கதைதான். வேணுமா?" என்றாள். அவன் யோசித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். கொடியில்லாத கார் தெருவில் இறங்கிச் சந்தைக்குப் போகிற வண்டிகளோடு வண்டியாகக் கலந்துவிட்டது.

அலுவலகத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பளம் சுருட்டி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஃபோன் அடித்தது. வக்கீல் பேசினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அண்ணி, புடிச்சாச்சு! நாற்காலியில சாஞ்சு வாயப் பொளந்துட்டுக் கெடந்தான். கழுத்துல துண்டு கட்டியிருந்தாங்க. இன்ஸ்பெக்டர் உத்தரவ வாசிக்கறாரு, இவனால வாய மூடவும் முடியல, பேசவும் முடியல. ஆ, ஆங்கறான் அண்ணி. பல் டாக்டர் என்னன்னா, பழைய பல்ல எடுத்துட்டேன், புதுசு இன்னும் வெக்கலையே, என்ன பண்றதுங்கறாரு!"

கம்பளத்தம்மா சிரித்தாள். கம்பளச் சுருளின் மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும், குடிடா குடி என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

சாயங்காலம் மந்திரி பாதிக் கூட்டத்தில் திரும்பி ஓடிவந்தார். அதற்குள் யாரோ பழைய சமாச்சாரத்தைத் தோண்டி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அறையில் இரண்டு பேர் மட்டும்.

"வெண்ணெ தெரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடச்சிட்டியேம்மா!" என்று மேஜையில் அடித்தார். "உன் தம்பி விஷயம் இப்பதான் எனக்குத் தெரியும். எனக்கு வருத்தமாத்தான் இருக்கு."

"ஆழ்ந்த வருத்தமா சார்?"

மந்திரிக்கு முகம் சுருங்கிப்போனது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு தணிந்த குரலில் பேசினார். "நாளைக்குக் காலைல கோர்ட்ல ஒரே ஒரு கேள்விதான். அவர் இன்னும் அரசு விருந்தினரா, இல்லையா. அத நீதான் சொல்லணும். மத்தியானம் நடந்தது ஒத்திகை, உண்மையான வழியனுப்பு சாயங்காலம் விமான நிலையத்துல நடக்க இருந்ததுன்னு சொல்லிடு. அவரு போயிடுவாரு. ஆலை வரும். உன் வேலையும் இருக்கும்."

"அது என் தம்பிய அடிச்ச கை சார். அந்தக் கை ஊத்தற கூழ நீங்க குடிக்கணுமா?"

"நான் குடிக்கப் போறதில்லம்மா. எங்க ஊர்க்காரன் குடிப்பான். பசிச்சவன் கிட்டப் போயி யார் ஊத்தறான்னு பாத்துக் குடின்னு நான் எப்படிச் சொல்றது? நீ வந்து சொல்றியா?" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் ஆத்திரம் இன்னும்தான் கூடியது. "அந்த ஆளு உன்னப் பாக்கணுங்கறாரு. போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணு" என்றார் மந்திரி.

மத்தியானம் கொடி கழற்றின அதே ஓட்டுநர்தான் கூட்டிக்கொண்டு போனார். போலீஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினதும், "நான் துறைமுகத்து ஆளும்மா. பையனுக்கு அந்த ஆலையில சொல்லி வெச்சிருந்தேன். அந்தக் கொடிய எங்கையாலயே கழட்ட வெச்சிட்டீங்களே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் இறங்கி நடந்தாள்.

விருந்தாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பொக்கை வாய். கன்னம் உள்ளே ஒட்டிப்போய் வேறு யாரோ மாதிரி இருந்தார். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இவருக்குப் போகவில்லை. காற்றுக் கலந்து வந்தாலும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகத்தான் வந்தது.

"உக்காருங்கம்மா. கெட்டிக்காரிதான் நீங்க. மெச்சறேன். உங்க தம்பிய எங்க பொதைச்சோம்னு எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். தாள்ல எங்கேயும் கெடையாது. நாளைக்கு நான் விமானம் ஏறினா, ஏறுறதுக்கு முன்னாடி எடத்தச் சொல்றேன். உங்க அம்மா காத்துக்கிட்டு இருக்காங்களாமே."

"நீ சொல்றது நெசம்னு எப்படி நம்பறது?"

விருந்தாளி கொஞ்சம் யோசித்தார். "கடைசி நாள் அவன் ஒண்ணே ஒண்ணத்தான் சொன்னான். மேனேஜர்கிட்டச் சொல்லிடுங்க, மேனேஜர்கிட்டச் சொல்லிடுங்கன்னு. நாங்களும் எந்தக் கம்பெனி மேனேஜர்னு ரொம்ப நாள் தேடினோம். ஆளு கெடைக்கல."

கம்பளத்தம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் தம்பி அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவான். காசு கேட்டாலும் மேனேஜர், சோறு கேட்டாலும் மேனேஜர். "மேனேஜர் லீவு குடுத்தா சினிமாவுக்குப் போவேன்" என்பான். குடும்பத்துக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது அது. இவன் நிஜமாகவே கூட இருந்திருக்கிறான். தம்பியின் கடைசி வார்த்தை இத்தனை காலம் இவன் காதுக்குள் கிடந்திருக்கிறது.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரம் படிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவள் கம்பியை விட்டாள். இவனை விட்டால் நாளைக்கே வேறொரு ஊரில் இன்னொருத்தி கம்பளம் விரிப்பாள். எலும்பு எங்கேயும் ஓடாது. இவன் ஓடிவிடுவான்.

"சொல்லாதே. எடத்த உன் நெஞ்சுக்குள்ளயே வெச்சுக்கோ. வெச்சுக்கிட்டு உள்ளயே கெட. உனக்கு இன்னொரு வழியனுப்பு கெடையாது" என்றாள். அவர் முகத்தில் முதல் முறையாகப் பயம் வந்தது. அதைக் கண் குளிரப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

நடையில் வக்கீல் நின்றுகொண்டிருந்தாள். மேனேஜர் விஷயத்தைக் கேட்டதும் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, அத்தைய ஒரு வார்த்த கேளுங்க."

"அம்மாவக் கேட்டா எடந்தான் வேணும்பாங்க."

"அதனாலதான் கேக்கச் சொல்றேன்."

"கேக்க மாட்டேன்."

"இந்த வழக்க நடத்தறவ நான். அவனத் தூக்குல போட்டாலும் எனக்கு ஆறாது. ஆனாலும் சொல்றேன், அவங்க பெத்தவங்க அண்ணி."

"நான் கூடப் பொறந்தவ" என்று சொல்லிவிட்டுக் கம்பளத்தம்மா விடுவிடுவென்று நடந்தாள். அன்றைக்கு வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டாள், பார்க்காமலே படுத்தாள். காலையில் அம்மா எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. விருந்தாளியின் வக்கீல் பெரிய ஆள், வெள்ளிச் சங்கிலிக் கண்ணாடி போட்டிருந்தார். "மத்தியானம் புல்வெளியில் நடந்தது ஒத்திகைதானே?" என்று குழைந்து கேட்டார்.

"ஒத்திகைக்கு மந்திரி வர மாட்டார். மந்திரி இடத்துல எங்க ஆபீஸ் பியூனத்தான் நிறுத்துவோம்" என்றாள் கம்பளத்தம்மா. கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. "நேத்து மந்திரியே வந்தார், கட்டிப் பிடிச்சார், போய் வாருங்கள்னு சொன்னார். பேண்டு வாசிச்சுது. கொடி இறங்கியாச்சு. வழியனுப்பு மரியாதை முடிஞ்சது. அதுக்கப்புறம் அவர் யாருக்கும் விருந்தாளி இல்ல."

நீதிபதி இன்னொரு தடவை கேட்டார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். விருந்தாளிக்கு ஜாமீன் இல்லை, வழக்கு முடிகிற வரைக்கும் உள்ளே என்று உத்தரவானது. போலீஸ்காரர்கள் இரண்டு கையையும் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள். தோலுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கினது போல இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வைத்து ஒரு மூச்சு விட்டாள்.

அந்தக் குளிர்ச்சி வாசல் வரைக்கும்தான் நின்றது. அந்த நாடு ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டதாக வாசலிலேயே செய்தி வந்தது. துறைமுக ஊரிலிருந்து வந்த ஆட்கள் சிலர் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும் காறித் துப்பினார். மந்திரி ஃபோனில், "நீ செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உன்ன வேலையில வெச்சுக்கவும் முடியாது" என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளியின் பொக்கை முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அம்மா அதைப் பார்த்தபடியே, "இவந்தானா?" என்றாள்.

"இவந்தாம்மா. உள்ள போட்டாச்சு."

"எடம் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கே தெரியாதாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பாள். தாய்க்காரி அவள் முகத்தைப் பார்த்த பார்வையில் அந்தப் பொய் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மேனேஜரையும் சொன்னாள். அம்மாவின் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே நின்றது.

"எடத்தச் சொல்றேன்னானா?"

"சொன்னான்."

"நீ வேண்டாம்னியா?"

"ஆமா. விட்டா ஓடிப்போயிடுவாம்மா. இன்னொரு ஊர்ல போய்—"

"என்னக் கேட்டியா?"

மகள் டி.வி.யை நிறுத்தினாள்.

"என்னக் கேட்டியாடி?"

"கேட்டா நீ எடத்தத்தான் கேட்டிருப்பே."

"ஆமா. எடத்தத்தான் கேட்டிருப்பேன்." அம்மா சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். குரல் ஏறவே இல்லை. "உன் மந்திரி ஊருக்குச் சோறு வேணும்னு அவன விடச் சொன்னாரு. நீ உன் வயித்தெரிச்சல் அடங்கணும்னு அவனப் புடிச்சு வெச்ச. ரெண்டு பேரும் தராசுத் தட்டுல எம் புள்ளையத்தான்டி வெச்சீங்க. அவனப் பெத்தவ வீட்டுல உக்காந்திருந்தா. அவள ஒருத்தரும் கூப்பிடல."

"அம்மா, அவன் தம்பிய அடிச்சே கொன்னவன்."

"எனக்குத் தெரியாதா? அவன் நல்லா இருக்கணும்னா நான் வேண்டிக்கிட்டு இருந்தேன்?" அப்போதுதான் அம்மாவின் கண் கொதித்தது. மகள் அந்தக் கண்ணை அதற்கு முன் பார்த்ததில்லை. "அடுத்து எப்போ கோர்ட்டு?"

"திங்கக்கெழம."

"நான் வருவேன். இனி என்னைக்கெல்லாம் அவனக் கொண்டாந்து நிறுத்தறாங்களோ அன்னைக்கெல்லாம் வருவேன். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மூஞ்சிதான் தெரியணும். மேனேஜர் வந்திருக்கேன், கணக்கச் சொல்லுடான்னு கேப்பேன். எடம் அவன் வாயிலேருந்து வர்ற வரைக்கும் அவனையும் சாக விட மாட்டேன், நானும் சாக மாட்டேன்."

மகள் தவிப்போடு ஒரு அடி முன்னால் வந்து, "நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்றாள்.

"வா, வராமப் போ. அது உன் இஷ்டம்" என்றாள் அம்மா. "எம் பக்கத்துல மட்டும் உக்காராதே."